கரிசலாங்கண்ணி: பறிக்கும் முன் ஒரு நிமிடம்

கரிசலாங்கண்ணி என்று நினைத்து வெட்டுக்காயப் பூண்டைப் பறித்து வந்து தலைக்கு எண்ணெய் காய்ச்சுகிறவர்கள் நிறையப் பேர். இரண்டுமே சூரியகாந்திக் குடும்பம், இரண்டும் பூப்பது வெள்ளையாக, போதாதா?

பூவை மட்டும் நம்பாதீர்கள். தண்டைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்து நன்றாகக் கசக்குங்கள். முதலில் பச்சையாக வரும் சாறு காற்றுப்பட்டு சில நிமிடங்களில் கறுத்தால் அது கரிசலாங்கண்ணி. கறை கையை விட்டு லேசில் போகாது, அதற்கு நான் பொறுப்பில்லை.

அப்புறம் இலை. ஒடுங்கி நீண்டு, காம்பே இல்லாததுபோல எதிரெதிராகத் தண்டோடு ஒட்டியிருக்கும், தடவினால் சொரசொரக்கும். வெட்டுக்காயப் பூண்டின் இலை ஓரம் ஆழமாக அரிந்தது போலிருக்கும், பூ நீளக் காம்பில் தனியாக நிற்கும், நடுவில் மஞ்சள். அதன் விதையில் பஞ்சு இருப்பதால்தான் ஊதினால் பறக்கிறது. கரிசலாங்கண்ணி விதையில் அது கிடையாது. 1771இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் கரிசலாங்கண்ணியின் பேரினத்துக்கு (நெருங்கிய செடி இனங்களின் தொகுப்புக்கு) வைத்த ‘எக்லிப்டா’ என்ற பெயர், ‘குறைபடுவது’ என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது, குறை அந்தப் பஞ்சுதான்.

கீரையாகச் சமைக்கிற மஞ்சள் கரிசலாங்கண்ணி வேறு பேரினம். பூங்காக்களில் தரையை மூடிப் படர்ந்திருக்கும் மஞ்சள் பூச்செடி அதுவும் இல்லை, வெப்பமண்டல அமெரிக்கப் பகுதிகளிலிருந்து வந்த அழகுச்செடி. அதன் இலை பெரும்பாலும் மூன்று மடலாகப் பிரிந்திருக்கும்.

சரி, எங்கே பறிப்பது? ஈரம் எங்கே உண்டோ அங்கெல்லாம் முளைக்கும், வயல் வரப்பு, வாய்க்கால் ஓரம், சாக்கடை ஓரம் உட்பட. கடைசியில் சொன்னதையும், களைக்கொல்லி அடித்த வரப்பையும் விட்டுவிடுங்கள்.

அதைவிட வீட்டில் வளர்ப்பது சுலபம். கணு உள்ள தண்டாக நான்கு விரல் நீளத்துக்கு வெட்டி, ஒரு கணு மண்ணுக்குள் இருக்கும்படி அகலமான தொட்டியில் ஊன்றி, மண் காயாமல் பார்த்துக்கொண்டால் கணுவில் வேர் விட்டுவிடும். விதை போடுவதாக இருந்தால் மண்ணால் மூடாதீர்கள், முளைக்க அதற்கு வெளிச்சம் வேண்டும். மேலாகத் தூவித் தண்ணீர் தெளித்தால் போதும். பறிக்கும்போது வேரோடு பிடுங்காமல் அடியில் இரண்டு கணு விட்டு வெட்டுங்கள், திரும்பத் துளிர்க்கும்.