காடிக்கு அடியில் சிவப்பாகச் சொட்டினால் கியர்பாக்ஸ்தானா?

கோலாலம்பூர் செந்தூல் ஃபிளாட்டில் என் பழைய புரோட்டோன் வீரா காருக்கு அடியில் ஒரு நாள் காலை சிவப்பாக ஒரு திட்டு. பக்கத்துப் பட்டறைக்கு ஓட்டிப் போனேன். போர்மேன், அதாவது மெக்கானிக், குனிந்துகூடப் பார்க்கவில்லை. "கியர்பாக்ஸ் போச்சு அண்ணே, இறக்கணும்" என்றார். உண்மையில் போயிருந்தது பவர் ஸ்டீயரிங் ஹோஸ். வீராவில் அதற்குள் ஓடுவதும் ஆட்டோ கியர் எண்ணெய் வகைதான், அதே சிவப்பு. அன்றிலிருந்து நானே பார்த்துவிட்டுத்தான் பட்டறைக்குப் போகிறேன்.

முதலில் அட்டை. மளிகைக் கடையில் ஒரு மேகி பெட்டி கேட்டு வாங்கி, பிரித்து, இரவில் இஞ்சினுக்கு அடியில் விரியுங்கள். முன் டயர்கள் இருக்கும் இடத்தைப் பேனாவால் அட்டையில் குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் காலையில் எந்தப் பக்கம் சொட்டியது என்று தெரியாது.

காலையில் வெள்ளை டிஷ்யூவால் ஒற்றி எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். நிறமும் வாசமும் இல்லாமல், முன் இருக்கைக்குக் கீழே சொட்டியிருந்தால் ஏர்கோன் தண்ணீர். கேஎல் வெயிலுக்கு அது சகஜம். பழுப்பு அல்லது கறுப்பு என்றால் இஞ்சின் எண்ணெய், நம் பேச்சில் மினியாக் ஹித்தாம். பச்சையோ இளஞ்சிவப்போ, பிசுபிசுப்போடு இனிப்பு வாசம் அடித்தால் கூலண்ட், இஞ்சினைக் குளிர வைக்கும் திரவம். நக்கினால் பூனைக்கு விஷம், உடனே கழுவிவிடுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. சக்கரத்துக்குப் பக்கத்தில் வெளிர் மஞ்சளாக இருந்தால் பிரேக் எண்ணெயாக இருக்கலாம். அப்போது காடியை எடுக்காதீர்கள், டோ டிரக்கைக் கூப்பிடுங்கள்.

சிவப்பு என்றால்தான் கொஞ்சம் பொறுமை வேண்டும். பெரும்பாலான முன்சக்கர இழுவைக் காடிகளில் கியர்பாக்ஸ் இடப்பக்கம், அதாவது பயணி பக்கம் இருக்கும். அங்கே சொட்டினால் டிரைவ் ஷாஃப்ட் ஆயில் சீல் (சக்கரத்துக்குப் போகும் தண்டின் ரப்பர் அடைப்பு), அடித்தட்டு கேஸ்கெட், கூலர் ஹோஸ் மூன்றையும் சந்தேகப்படலாம். பெரோடுவா மைவி கார் வைத்திருப்பவர்கள் பவர் ஸ்டீயரிங்கை விட்டுவிடலாம், அதில் எண்ணெயே இல்லை, மின்சாரம்தான்.

ஆனால் சொட்டும் இடமும் கசியும் இடமும் ஒன்றல்ல. ஓடும்போது காற்று எண்ணெயைப் பின்னால் தள்ளிவிடும். ஈரமான இடங்களிலேயே மிக உயரத்தில் இருப்பதைத் தேடுங்கள். எல்லாமே நனைந்து கிடந்தால், இஞ்சின் ஆறிய பிறகு எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் டிகிரீசர் அடித்துத் துடைத்து, காயவிட்டு, டால்கம் பவுடர் தூவி, ஒரு சுற்று ஓட்டிவிட்டு வாருங்கள். பவுடரில் கோடு விழுந்த இடம்தான் கசிவு. அடியில் நுழைய வேண்டுமென்றால் ஜாக்கை மட்டும் நம்பாதீர்கள், ஸ்டாண்டு போடுங்கள். ஸ்டாண்டு இல்லையா, டார்ச்சோடு வெளியிலேயே படுத்துப் பாருங்கள்.

அப்புறம் கியர் எண்ணெயின் அளவு. வீராவில் இஞ்சின் சூடாகி ஓடிக்கொண்டிருக்கும்போதே அளவுக்குச்சியை இழுத்துப் பார்க்க வேண்டும், ஹோண்டாவில் சூடானபின் அணைத்துவிட்டு. உங்கள் கையேடு சொல்கிறபடி செய்யுங்கள். குச்சியே இல்லாத காடியும் உண்டு, அது பட்டறை வேலை. எண்ணெய் கறுத்து, கருகல் வாசம் அடித்தால் உள்ளேயும் தேய்மானம் இருக்கலாம். ஊற்றும்போதும் கவனம்: 2017 மைவிக்கு நான்கு கியர் ஆட்டோ எண்ணெய், 2021 நவம்பரில் வந்த புது மைவிக்கு சிவிடி (கியர் படிகள் இல்லாத ஆட்டோ) எண்ணெய். மாற்றி ஊற்றினால் கியர்பாக்ஸ் கெட்டுவிடும்.

பட்டறைக்குப் போகும்போது அந்த அட்டையையும் எடுத்துப் போங்கள். எதையும் கழற்றுவதற்கு முன்னால், ஈரமான இடத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.