முட்டு மாற்று ஆபரேஷன்: வீட்டுக்கு வந்த பிறகு செய்யக்கூடாத தவறுகள்

அம்மாவுக்கு வலது கால் முட்டு மாற்றி, ஐந்தாம் நாள் முக்கூடலுக்குக் கூட்டி வந்தோம். கட்டிலில் காலை நீட்டிப் படுத்தவள், "ஏட்டி, அந்தத் தலாணிய முட்டுக்குக் கீழ கொஞ்சம் வையி" என்றாள். இலவம்பஞ்சுத் தலையணையை ரெண்டாக மடித்து வைத்தேன். "அப்பாடா, இப்பத்தான் சொகமா இருக்கு" என்று கண்ணை மூடினாள். பத்து நாள் அந்தத் தலையணை அங்கேயே கிடந்தது.

அதற்கு அடுத்த நாள் வந்த பிசியோதெரபி தம்பி, போர்வையை விலக்கியதும் முதலில் தலையணையை உருவி ஓரமாக வைத்தார். அம்மாவைக் காலை நீட்டச் சொல்லி, முட்டுக்கும் மெத்தைக்கும் நடுவில் தன் கையை நுழைத்தார். உள்ளங்கை தாராளமாகப் போய் வந்தது. "பாத்தியளாக்கா, இந்த இடைவெளி இருக்கக் கூடாது. முட்டு நேரா நிமிரணும். நிமிராமலே நின்னுபோச்சுன்னா காலம் பூரா சாஞ்சு சாஞ்சுதான் நடக்கணும்" என்றார்.

அந்த உள்ளங்கை அளவு இடைவெளியை அடைக்க ஐந்து வாரம் ஆயிற்று. அந்த ஐந்து வாரத்தில் அம்மா பட்ட வலியில் பெரும்பங்கு நான் வைத்த தலையணையால் வந்தது. இன்னொரு வீட்டில் இது நடக்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில், ஆபரேஷனில் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். முட்டுத் தேய்வு முற்றியவர்களுக்குத் தொடை எலும்பின் நுனியிலும் கீழ்க்கால் எலும்பின் தலையிலும் இருக்கிற வழவழப்பான குருத்தெலும்பு போய், எலும்பும் எலும்பும் உரசும். அந்தத் தேய்ந்த பரப்பைச் சில மில்லிமீட்டர் சீவி எடுத்துவிட்டு, பல்லுக்குத் தொப்பி போடுகிற மாதிரி உலோகத் தொப்பி போடுகிறார்கள். நடுவில் உறுதியான பிளாஸ்டிக் தகடு. பெரும்பாலும் இவற்றை ஒட்டவைப்பது எலும்பு சிமெண்ட்; அது ஆபரேஷன் மேசையிலேயே கால் மணி நேரத்துக்குள் இறுகிவிடும். அதனால்தான் அன்றைக்கே அல்லது மறுநாளே வாக்கரைப் பிடித்து நடக்கச் சொல்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் நம் வீடுகள் தடம் மாறுகின்றன. பார்க்க வந்த பெரியம்மா, "கால அசைக்காதட்டி, தையல் விட்டுரும்" என்றாள். எலும்பு முறிந்து மாவுக்கட்டு போட்டவரைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அப்படித்தான் தோன்றும். முறிந்த எலும்பு கூடுவதற்கு அசையாமல் இருக்க வேண்டும். மாற்றிய முட்டில் கூடுவதற்குக் காத்திருக்கிற முறிவு எதுவும் கிடையாது. மாறாக, சுற்றியிருக்கிற சதையும் சவ்வும் ஆறும்போது உள்ளுக்குள் தழும்பு கட்டும். ஆட்டாமல் வைத்த காலில் அந்தத் தழும்பு இறுகி, முட்டு மடங்கவும் விடாது, நிமிரவும் விடாது. முதல் ஆறு வாரம் முக்கியம் என்று டாக்டர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

தலையணை விஷயத்துக்கே வருகிறேன். கால் வீக்கத்துக்கு உயர்த்தி வைப்பது நல்லதுதான். ஆனால் தலையணை கெண்டைக்காலுக்கும் குதிகாலுக்கும் அடியில் இருக்க வேண்டும். முட்டு நேராக இருக்க வேண்டும். ஒரு துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு மட்டும் அடியில் கொடுத்து, முட்டின் பின்பக்கத்தை மெத்தையை நோக்கி அழுத்தி, ஐந்து எண்ணும்வரை அப்படியே வைத்திருந்து, பிறகு தளர்த்தச் சொல்லுங்கள். தொடைச் சதை இறுகுவது கண்ணுக்கே தெரியும். அம்மா முதல் நாள் மூன்று தடவையில் கண்ணீர் விட்டுவிட்டாள். ஒரு வாரத்தில் பத்து, இருபது என்று தானே எண்ணினாள். கூடவே பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது, படுத்தபடியே குதிகாலை மெத்தையில் இழுத்து முட்டு மடக்குவது. ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் செய்வதைவிட, நாளைக்கு மூன்று நான்கு தடவை கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வது மேல். மறுநாள் கால் கூடுதலாக வீங்கினால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். குறைத்துக்கொள்ளலாம், நிறுத்தக் கூடாது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. ரெண்டு பேர் சேர்ந்து காலைப் பிடித்து வலுக்கட்டாயமாக மடக்குவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அவரவர் தன் வலு கொண்டு மடக்க வேண்டும். நாற்காலியில் ஒழுங்காக உட்கார முட்டு 90 டிகிரி மடங்க வேண்டும். அதைப் பலர் ரெண்டு மூன்று வாரத்தில் எட்டுவார்கள். ஆறு வாரம் ஆகியும் எட்டவில்லை என்றால் "போகப் போகச் சரியாகும்" என்று இருந்துவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். மயக்கம் கொடுத்து மடக்கிவிடுகிற வழி இருக்கிறது. அதுவும் முதல் மூன்று மாதத்துக்குள் செய்தால்தான் நன்றாகப் பலன் தரும்.

மாத்திரையில் ரெண்டு பக்கமும் தவறு

அம்மா வலி மாத்திரையைச் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்துக்கொள்வாள். "கிட்னி போயிரும்னு எல்லாரும் சொல்லுதாவ." மாத்திரை போடாததால் வலி. வலியால் பயிற்சி இல்லை. பயிற்சி இல்லாததால் முட்டு இறுகுகிறது. முதல் சில வாரங்களில் எழுதிக் கொடுத்த மாத்திரையை நேரம் தவறாமல் போடுவதுதான் சரி. பயிற்சிக்கு அரை மணி, முக்கால் மணி முன்னால் போட்டால் நன்றாகப் பிடிக்கும். வலி உச்சத்துக்குப் போன பிறகு போடும் மாத்திரை அதைத் துரத்திக்கொண்டுதான் ஓடும்.

அந்தச் சீட்டு முடிந்த பிறகும் மெடிக்கல் கடையில் "அதே வலி மாத்திரை குடுங்க அண்ணாச்சி" என்று மாதக்கணக்கில் வாங்கிப் போடுவது அடுத்த தவறு. அம்மாவின் பயம் அங்கேதான் நியாயமாகிறது; டைக்ளோஃபெனாக் போன்றவை நாள்பட்டால் சிறுநீரகத்தையும் குடலையும் கெடுக்கும். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரையோடு அவை சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவும் வரலாம். அந்த உறையாமல் தடுக்கும் மாத்திரையை மட்டும் சொன்ன நாள் வரைக்கும் ஒரு வேளைகூட விடாதீர்கள். வலிக்கிறதா இல்லையா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ஐஸ் ஒத்தடம் பலர் செய்யப் பயப்படுகிறார்கள், "சளி பிடிக்கும், வாதம் ஏறும்" என்று. பயிற்சி முடிந்ததும் துணி சுற்றி 15, 20 நிமிடம் வைத்தால் வீக்கமும் வலியும் குறையும். வெறும் தோலில் வைக்க வேண்டாம்.

எண்ணெயும் உருவலும்

நம் பக்கத்தில் முட்டு வலி என்றாலே எண்ணெய் போட்டு உருவி விடுவது, பச்சிலை வைத்துக் கட்டுவது வழக்கம். அம்மாவும் ஆபரேஷனுக்கு முன் பல வருடம் அதைத்தான் செய்தாள். ஆபரேஷன் செய்த காலில் இது கூடவே கூடாது. புண் ஆறும் முன் எண்ணெய், மஞ்சள், திருநீறு எதுவும் படக்கூடாது. தையலோ கிளிப்போ எடுப்பதற்குச் சுமார் ரெண்டு வாரம் ஆகும். அதன் பிறகும் தழும்பு முழுக்கக் காய்ந்து டாக்டர் சரி என்று சொன்னால்தான் ஆற்றுக் குளியல். கெண்டைக்காலை அழுத்தி உருவுவது இன்னும் ஆபத்து. உள்ளே ரத்தக்கட்டி இருந்தால் அது கிளம்பி நுரையீரலுக்குப் போய்விடலாம்.

கெண்டைக்கால் திடீரென்று வீங்கி, தொட்டால் வலித்தால் அன்றைக்கே காட்டுங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் யோசிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

புண்ணில் சிவப்பு பரவுவது, நீரோ சீழோ கசிவது, காய்ச்சல், நன்றாகக் குறைந்துவந்த வலி திரும்பக் கூடுவது, இவையெல்லாம் கிருமி தொற்றியதன் அறிகுறியாக இருக்கலாம். இங்கே நடக்கிற பெரிய தவறு, பக்கத்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டு நாலு நாள் பார்ப்பது. அரைகுறையாக மருந்து போட்டுவிட்டால், எந்தக் கிருமி என்று சோதனையில் தெரியாமல் போகலாம். உலோகத்தில் படிந்த கிருமியைச் சீக்கிரம் பிடித்தால்தான் முட்டுக்கு நல்லது. ஆபரேஷன் செய்த டாக்டரிடமே போங்கள்.

சில விஷயங்களுக்குப் பயப்படவும் வேண்டாம். முட்டு மாதக்கணக்கில் கதகதப்பாக இருக்கும், சாயங்காலம் வீங்கும், நடக்கும்போது 'டிக் டிக்' என்று சத்தம் கேட்கலாம். தழும்பின் வெளிப்பக்கம் ஓர் இடம் மரத்தே கிடக்கும். அம்மா அதைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்து அழுதாள். அங்கே போகும் சின்ன நரம்பு வெட்டுப்படுவதால் அப்படி, நடைக்கு ஒன்றும் ஆகாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் சமாதானம் ஆனாள். முதல் மாதம் ராத்திரித் தூக்கம் கெடுவதும் சகஜம்.

சாப்பாடு

மீன், முட்டை, கத்தரிக்காய் எல்லாம் தின்றால் சீழ் வைக்கும் என்று பத்தியம் போட்டு, ரசம் சாதம் மட்டும் கொடுக்கிற வீடுகள் உண்டு. புண் ஆறவும் தொடைச் சதை பழையபடி வளரவும் புரதம் வேண்டும். முட்டை, மீன், பயறு, தயிர் தாராளமாகக் கொடுங்கள். எலும்புக்கு பலம் என்று உளுந்தங்களி கிண்டுவது நம் ஊர்ப் பழக்கம். உளுந்து நல்லதுதான், ஆனால் அதில் சேரும் கருப்பட்டி, சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஆகாது. நாங்கள் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலுமாக மாற்றிக்கொண்டோம். பார்க்க வருகிறவர்கள் வாங்கி வரும் வாழைப்பழமும் ஹார்லிக்ஸும் சர்க்கரையை ஏற்றும். ஏறின சர்க்கரையில் புண் ஆறாது, கிருமி எளிதில் பிடிக்கும். வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்கள் இந்தச் சமயத்திலாவது அதை விட வேண்டும். அதுவும் புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும். மலச்சிக்கலுக்கு நிறையத் தண்ணீரும் கீரையும். வலி மாத்திரைகள் சில குடலை மந்தமாக்கும்.

வீடு

ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியவுடன் பார்க்க வேண்டியது கக்கூஸ். உட்காரும் உயரத்தில் வெஸ்டர்ன் கோப்பையோ, அதற்கு வசதி இல்லாவிட்டால் கமோடு நாற்காலியோ, பக்கத்தில் பிடிக்க ஒரு கம்பியோ, ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே தயாராக இருக்க வேண்டும். நாங்கள் வந்த பிறகு கொத்தனாரைத் தேடினோம். அந்த மூன்று நாள் பட்ட பாட்டைச் சொல்ல முடியாது.

புறவாசல் பாசி, கோலத்துக்குத் தெளித்த தண்ணீர், நடையில் கிடக்கிற மிதியடி, விரித்த பாய், தரையில் இழுக்கும் நைட்டி: விழுவதற்கு இத்தனை காரணம் நம் வீட்டிலேயே இருக்கிறது. ராத்திரி கக்கூஸுக்குப் போகும் வழியில் ஒரு விளக்கு எரியட்டும். வாசல் படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில். கைத்தடிக்கு மாறும்போது அதை எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். வலது முட்டு என்றால் இடது கை.

சம்மணம் போடுவது, குத்துக்காலிட்டு உட்காருவது இரண்டையும் டாக்டர் தெளிவாக அனுமதி தராதவரை விட்டுவிடுங்கள். அரிவாள்மணை மேசைக்கு ஏறட்டும். கோயிலில் சாமி கும்பிட நின்றால் போதும்.

பிசியோதெரபிக்குப் பணம் இல்லை என்று விடுகிறவர்களுக்கு ஒன்று. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி தருவதும் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியிலும் விசாரிக்கலாம்.

"மேலத்தெருக்காரி ஒரு மாசத்துல பஸ் ஏறிட்டா, நீ இன்னும் வாக்கரா?" என்று யாராவது சொன்னால் அவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். வயது, எடை, சர்க்கரை, ஆபரேஷனுக்கு முன் எத்தனை வருடம் கால் வளைந்து கிடந்தது, எல்லாம் ஆளுக்கு ஆள் வேறு. முழுத் திருப்தியான நடைக்கு ஆறு மாதம், ஒரு வருடம்கூட ஆகும்.

நடை வந்த பிறகு மறக்கிற ஒன்று: பல் பிடுங்கப் போனாலும், காலில் முள் குத்திச் சீழ் வைத்தாலும், நீர்க்கடுப்பு வந்தாலும், "எனக்கு முட்டு மாற்றியிருக்கு" என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும். ரத்தம் வழியாகக் கிருமி அந்த உலோகத்துக்குப் போய்ச் சேரலாம், பல வருடம் கழித்தும்கூட.

அம்மா பன்னிரண்டு வயதிலிருந்து தரையில் உட்கார்ந்து, மடியில் சுளவை வைத்துப் பீடி சுற்றியவள். இப்போது நாற்காலியில் உட்கார்ந்து, சுளவை முன்னால் ஓர் உயரப் பெஞ்சில் வைத்துச் சுற்றுகிறாள். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து பட்டாசலில் இருந்து வாசல் வரை நடந்துவிட்டு வருவாள். இடது முட்டுக்குத் தை மாதம் தேதி வாங்கியிருக்கிறோம். தொடைச் சதை ஆபரேஷனுக்கு முன்பே பலமாக இருந்தால் பிறகு நடப்பது சுலபம் என்று பிசியோதெரபி தம்பி சொன்னதால், சுருட்டிய துண்டு இப்போதே இடது குதிகாலுக்கு அடியில் வந்துவிட்டது. காலையில் இருபது, ராத்திரி இருபது, சத்தமாக எண்ணிக்கொண்டே செய்கிறாள்.