சிறு விமான எஞ்சினுக்கு எரிபொருள் வடிகட்டி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறு விமானங்களைத் தாங்களே கட்டுபவர்கள் எரிபொருள் அமைப்பைப் பார்வையிட அழைக்கும்போதெல்லாம், ஆள் மாறினாலும் தவறு மாறாததைக் காண்கிறேன். அம்புக்குறிக்கு எதிராகப் பொருத்துவது, கிளாம்பை இறுக்க மறப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை முதல் சோதனையிலேயே அகப்பட்டுவிடும். வகைச் சான்றிதழ் (வடிவமைப்புக்கு அரசு தரும் ஒப்புதல்) பெற்ற விமானங்களுக்கும் இந்தக் கட்டுரை பொருந்தாது. அவற்றில் அனுமதிக்கப்பட்ட பாகத்தைத் தவிர வேறெதையும் பொருத்த இடமில்லை.

நுண்ணிய வடிகட்டியைப் பம்புக்கு முன்னால் வைப்பது

வடிகட்டி எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு பாதுகாப்பு என்ற நம்பிக்கை எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது. பம்ப் தள்ளும் பக்கத்தில் வடிகட்டி சற்றுத் தடை தந்தாலும் பம்பின் அழுத்தம் அதை ஈடுகட்டிவிடும். உறிஞ்சும் பக்கத்தில் அந்த வசதி இல்லை. அங்கே எரிபொருளைப் பம்ப் வரை கொண்டுவருவது வளிமண்டல அழுத்தம்தான். இறக்கை தாழ்வாக உள்ள விமானத்தில் அதிலும் ஒரு பகுதி, எரிபொருளை மேலே ஏற்றுவதிலேயே செலவாகிவிடுகிறது. மீதியை வடிகட்டி விழுங்கினால், பம்பின் வாயிலில் அழுத்தம் எரிபொருளின் ஆவி அழுத்தத்துக்கு இறங்கி, பெட்ரோல் குழாய்க்குள்ளேயே கொதிக்கத் தொடங்கும். 37.8 டிகிரி செல்சியஸில் விமானப் பெட்ரோலின் ஆவி அழுத்தம் 38 முதல் 49 கிலோபாஸ்கல் வரை இருக்க வேண்டும் என்பது விதி. கார் பெட்ரோல் பெரும்பாலும் இதைத் தாண்டிவிடுவதால், அதை ஊற்றுபவருக்கு ஆபத்து இன்னும் நெருக்கம்.

ஓர் இளைஞர் தம் இருவர் விமானத்தில் 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வடிகட்டியை மின்பம்புக்கு முன்னால் பொருத்தியிருந்தார். தரையில் மெதுவாக ஓடும்போது எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. வெயிலில் வெகுநேரம் நின்ற ஒரு பிற்பகலில், ஓடுதளத்தில் முழு விசை கொடுத்ததும் எரிபொருள் அழுத்தமானியின் முள் துடித்தது. நல்லவேளையாக, சக்கரம் தரையை விட்டு எழுவதற்குள் அவர் விசையைக் குறைத்துவிட்டார். அதன்பின் பம்பை மாற்றினார், கார்புரேட்டரைப் பிரித்துச் சேர்த்தார், மின் இணைப்புகளையும் புதுப்பித்தார். வடிகட்டியைத் திறந்து பார்த்தபோது அது சுத்தமாக இருந்ததால், அதன்மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அழுக்கே இல்லாத வடிகட்டியும் தடைதான். பாய்வு கூடும்போது அந்தத் தடையும் கூடும் என்பதால், எஞ்சின் மிகுதியாகக் குடிக்கும் புறப்பாட்டு நேரத்தில்தான் அது தன் வேலையைக் காட்டும்.

பம்புக்கு முன் 100 மைக்ரான் அளவிலான, பரப்பு மிகுந்த கம்பி வலை இருக்கட்டும். நுண்ணிய வடிகட்டி தேவைப்படும் எஞ்சின் என்றால், அது பம்புக்குப் பின்னால் வரட்டும். எந்த அளவு என்பதில் எஞ்சின் கையேடு சொல்வதே முடிவு. அமெரிக்க விமான விதிகளின் 23-ஆம் பகுதி, 2017-இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்கு முன், பிஸ்டன் எஞ்சின் விமானத்தின் டேங்க் வாயில் சல்லடைக்கு அங்குலத்துக்கு 8 முதல் 16 கண்களையே கேட்டது. அத்தனை பெரிய கண்களை விட்டவர்கள் அறியாமையால் விடவில்லை.

காருக்கான காகித வடிகட்டி

காகிதம் தண்ணீர் பட்டால் ஊதிக்கொள்ளும். ஊதினால் பாய்வு குறையும். எண்ணெய் வடிகட்டியில் அடைப்பு நேர்ந்தால் மாற்றுவழி வால்வு திறந்து காப்பாற்றும். குழாயின் நடுவே பொருத்தும் இந்தச் சிறு பெட்ரோல் வடிகட்டிகளில் பொதுவாக அப்படி ஒரு வால்வு கிடையாது. அமைப்பின் மிகத் தாழ்ந்த இடத்தில், தண்ணீரை வடித்துவிடும் குழாயுடன் கேஸ்கொலேட்டர் (தண்ணீரும் அழுக்கும் தங்கும் சிறு கிண்ணம்) வைப்பதற்கு இதுவே காரணம்.

எஞ்சின் அறைக்குள் பிளாஸ்டிக் வடிகட்டி

வேண்டாம்.

எரிபொருள் இணைப்பில் டெஃப்லான் நாடா

அதன் நார் நேராகக் கார்புரேட்டர் ஜெட்டுக்கு, அதாவது பெட்ரோல் பாயும் சிறு துளைக்கு, போய்ச் சேரும்.

பாய்வை அளக்காமல் பறப்பது

வடிகட்டியை மாற்றியவுடன், விமானத்தின் மூக்கை ஏறும் கோணத்துக்கு உயர்த்தி, டேங்கில் மிகக் குறைந்த எரிபொருளை வைத்து, கார்புரேட்டர் வாயிலில் குழாயைக் கழற்றி அளவுகலத்தில் பிடித்துப் பாருங்கள். மேற்சொன்ன பழைய விதி, புவியீர்ப்பால் பாயும் அமைப்புக்குப் புறப்பாட்டு நுகர்வில் 150 சதவீதமும், பம்ப் அமைப்புக்கு 125 சதவீதமும் கேட்டது. மணிக்கு 27 லிட்டர் குடிக்கும் எஞ்சினுக்கு முதலாவது கணக்கில் நிமிடத்துக்கு 675 மில்லிலிட்டர் வர வேண்டும். தீ அணைப்பானும் தரை இணைப்புக் கம்பியும் இல்லாமல் இந்தச் சோதனையில் இறங்காதீர்கள்.

வடிகட்டிக்கு அப்பால் உள்ள குழாய்

ரப்பர் குழாயை முனைமேல் வலிந்து திணிக்கும்போது உட்சுவர் சீவப்பட்டுத் துணுக்குகள் உதிர்கின்றன. வடிகட்டிக்கும் கார்புரேட்டருக்கும் இடையே உதிர்ந்ததை எந்த மைக்ரானாலும் தடுக்க முடியாது. குழாயைக் கூரிய கத்தியால் நேராக வெட்டி, உட்புறத்தை ஊதித் துடைத்துப் பொருத்துங்கள்; முதல் சில மணிநேரப் பறத்தலுக்குப் பின் கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தைக் கழற்றி அடியில் என்ன தங்கியிருக்கிறது என்று பாருங்கள்.