பழைய துப்பாக்கியில் பூவேலை இருந்தால் விலை கூடுமா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து பஸ் ஏறிப் போய், பாலக்காட்டில் ஒரு துப்பாக்கிக் கடையில் இருபத்தேழு வருஷம் ரிப்பேர் வேலை பார்த்தேன். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டைத் துப்பாக்கிகள் பெரும்பாலும் பரண் ஏறிவிட்டன. தாத்தா காலமானதும் பேரன் அதை எடுத்துக்கொண்டு வருவார். "அண்ணே, இதுல பூவேலை இருக்கு, நல்ல விலை போகுமில்ல?" என்பார். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இதை யார் வெட்டினார்கள், எப்போது வெட்டினார்கள்?

நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் லென்ஸ் ஒன்று போதும். வெளிச்சத்தைச் சாய்வாக விழவிட்டுப் பாருங்கள். கையால் வெட்டிய கோடு மெல்லியதாகத் தொடங்கி, வளைவில் தடித்து, மறுபடி மெலியும். இடப்பக்க இலையும் வலப்பக்க இலையும் அச்சு அசலாக ஒத்துப்போகாது. எல்லாக் கோடும் ஒரே ஆழத்தில் இருந்தால் மெஷின் வேலை. அதற்குத் தனி விலை எதிர்பார்க்க வேண்டாம்.

அடுத்தது காலம். பழைய இங்கிலீஷ் துப்பாக்கிகளில் குழலுக்குப் பின்னால் விசை பொருந்தியிருக்கும் விசைப்பெட்டியின் இரும்பு மேல் நீலமும் பழுப்பும் கலந்து, தண்ணீரில் எண்ணெய் மிதப்பது போல ஒரு நிறம் ஓடும். இரும்பைச் சூளையில் வைத்துக் கடினமாக்கும்போது வருகிற நிறம் அது. கம்பெனியில் முதலில் பூவேலை, அப்புறம்தான் அந்தச் சூளை. ஆகவே நிறம் கோட்டின் பள்ளத்துக்குள்ளும் இறங்கியிருக்க வேண்டும். நிறத்தைக் கிழித்துக்கொண்டு கோடு வெள்ளையாகத் தெரிந்தால் பிற்பாடு யாரோ வெட்டியது. கடினமான இரும்பில் உளி இறங்காது என்று சூடுகாட்டி இளக்கியிருந்தால் இன்னும் மோசம். திரும்பக் கடினமாக்காமல் விட்ட துப்பாக்கியை நான் விலைக்குச் சொல்லவே மாட்டேன்.

ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட், பர்டி, வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் மாதிரி இங்கிலீஷ் கம்பெனிப் பெயர் இருந்தால் வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டு கம்பெனிக்கு எழுதுங்கள். பழைய பேரேடுகள் அவர்களிடம் உண்டு. முதல் ஆர்டரிலேயே இந்த வேலை இருந்தது என்று கடிதம் வந்துவிட்டால், விலை பேசும்போது அந்தக் கடிதம்தான் உங்கள் பலம்.

பெயர் வெட்டுவதுதான் அதிகம் கெடுப்பது. மீனாட்சிபுரத்திலிருந்து ஒருவர் இரட்டைக்குழல் ஒன்றைக் கொண்டுவந்தார். பாத்திரத்தில் பேர் வெட்டுகிற மாதிரி, அவர் அப்பா பேர் குழல் நெடுக வெட்டியிருந்தது. வாங்க வந்தவர்கள் எல்லாம் கீழே வைத்துவிட்டுப் போனார்கள். "ராவி எடுத்துரலாமா?" என்றார். வேண்டவே வேண்டாம் என்றேன். ராவினால் குழலின் சுவர் மெலியும். சுடுகிறவர் உயிருக்கே ஆபத்து. அதே பேரின் முதலெழுத்துகள் கட்டையின் அடியில் சின்ன நீள்வட்டத் தகட்டில் இருந்திருந்தால் யாரும் முகம் சுளித்திருக்க மாட்டார்கள்.

பூவேலை வரிசை எண்ணை மறைத்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அடையாள எண் அழிந்த துப்பாக்கியை விற்பது ஆயுதச் சட்டப்படி குற்றம். வைத்திருந்தாலோ, எண்ணை அழித்தது நீங்கள்தான் என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும்.

வாங்குகிறவர் யார் என்பதையும் யோசிக்க வேண்டும். 2022-இல் கேரளத்தில் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவர்களுக்கு வந்தது. பன்றிக்காகத் துப்பாக்கி தேடுகிற விவசாயி குழலையும் விசையையும் பார்ப்பார். பூவுக்கு ஒரு ரூபாய் கூடத் தர மாட்டார். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் 2 துப்பாக்கிதான் வைத்திருக்கலாம். அதில் ஒன்றை அழகுக்காக ஒதுக்குகிறவர் குறைவு. பொறுத்திருந்துதான் விற்க வேண்டும். விற்பதற்கு 45 நாள் முன்பே கலெக்டரிடமோ போலீஸ் ஸ்டேஷனிலோ எழுத்தில் தெரிவிக்கவும் வேண்டும்.

கடைசியாக ஒன்று, கெஞ்சிக் கேட்கிறேன்: விற்கும் முன் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். தேர்தல் சமயம் ஸ்டேஷனில் ஒப்படைத்து, ஈரத்தில் துருவேறி வந்த ஒன்றை வேலைக்குச் சேர்ந்த புதிதில் உப்புத்தாளால் தேய்த்தேன். துருவோடு அழகான ரோஜாக் கொடியின் மெல்லிய கோடுகளும் போய்விட்டன. அந்த வேலைக்காரரின் கையை என் கை அழித்தது இன்றும் மனதை அறுக்கிறது. துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, துப்பாக்கி எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். மறுநாள் பழைய பல் பிரஷ்ஷால் கோட்டின் போக்கிலேயே தள்ளி, பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். அதற்கும் போகாத துரு அப்படியே இருக்கட்டும்.