ஊர்ப்பெயரைத் தேடி: அமெரிக்க யூதக் குடும்பம் ஒன்றின் வரலாற்றைத் தொகுக்கும் முறை

1881இல் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டர் கொல்லப்பட்டதை அடுத்து யூதர்கள் மீது கலவரங்கள் மூண்டன. அப்போது தொடங்கி, 1924இல் அமெரிக்கா தன் குடிவரவுச் சட்டத்தை இறுக்கியது வரையில், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். அவர்களுடைய கொள்ளுப்பேரர்களிடம் பூர்வீகம் எது என்று கேட்டால், பெரும்பாலும் "ரஷ்யா" என்ற ஒரு சொல்தான் பதிலாக வரும். அந்த ரஷ்யா இன்றைய லித்துவேனியாவாக இருக்கலாம். பெலாருஸ், உக்ரைன், போலந்து, மால்டோவா ஆகியவற்றில் ஒன்றாகவும் இருக்கலாம். ஐரோப்பியப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகள் ஊர்வாரியாகவே காக்கப்பட்டு வருவதால், எந்த ஊர் என்று தெரியாதவருக்கு அவற்றால் பயனில்லை. ஆகவே இந்தத் தேடலில் பாதி வேலை ஊர்ப்பெயரைக் கண்டுபிடிப்பதுதான் என்பது என் உறுதியான கருத்து. அந்தப் பெயர் அநேகமாக அமெரிக்கத் தாள்களில்தான் எங்கோ எழுதப்பட்டிருக்கும். அவற்றை முழுவதும் பார்த்து முடிக்காமல் கடலைத் தாண்ட முயல்பவர்கள், தங்களுக்குச் சம்பந்தமில்லாத வேறொரு குடும்பத்தின் முன்னோர்களைத் தங்கள் முன்னோர்களாக எழுதி வைத்துவிடுகிறார்கள்.

முதலில் வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் உட்கார்ந்து பேச வேண்டும். ஆண்டுகளை அவர்கள் மறந்திருப்பார்கள். ஆனால் யார் யாருடைய பெயரைத் தாங்கியிருக்கிறார்கள் என்பதை மறந்திருக்க மாட்டார்கள். கிழக்கு ஐரோப்பிய யூதர்களான அஷ்கெனாசிகள், குழந்தைக்கு இறந்துபோன உறவினரின் பெயரையே சூட்டுவார்கள். உயிரோடிருப்பவரின் பெயரைச் சூட்டுவதில்லை. எனவே ஐந்தாறு ஆண்டுகளுக்குள் பிறந்த ஒன்றுவிட்ட சகோதரர்கள் மூவர் ஒரே பெயரையோ, ஒரே முதலெழுத்தில் தொடங்கும் அமெரிக்கப் பெயர்களையோ கொண்டிருந்தால், அவர்களில் மூத்தவர் பிறப்பதற்குச் சற்று முன்பு பொதுவான தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ காலமாகியிருக்கலாம் என்று ஊகிக்கலாம். ஸ்பெயின் வழிவந்த செஃபார்டி குடும்பங்களில் இந்த ஊகம் செல்லாது. அங்கே உயிரோடிருக்கும் தாத்தா பாட்டியின் பெயரைச் சூட்டுவதே மரபு. பழைய புகைப்படங்களைப் பார்க்கும்போது பின்புறத்தையும் திருப்பிப் பார்க்க வேண்டும். படமெடுத்த நிலையத்தின் பெயரும் ஊரும் அந்த அட்டையில் அச்சாகியிருப்பதுண்டு. குடும்பம் வாழ்ந்த சிற்றூர் அதுவாக இல்லாவிட்டாலும், அதற்கு அருகிலிருந்த பெரிய ஊராக இருக்கக்கூடும்.

அடுத்தது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அமெரிக்காவில் கணக்கெடுப்புத் தாள்கள் 72 ஆண்டுகள் கழித்தே பொதுப் பார்வைக்கு வரும்; 1950ஆம் ஆண்டின் தாள்கள் 2022 ஏப்ரல் 1 அன்று வெளியாயின. அங்கிருந்து தொடங்கி 1940, 1930, 1920, 1910, 1900 என்று பத்துப் பத்து ஆண்டுகளாகப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1890ஆம் ஆண்டுத் தாள்களில் பெரும்பகுதி 1921இல் நேர்ந்த தீ விபத்தின் விளைவாக அழிந்துவிட்டதால், அங்கே ஓர் இடைவெளி இருந்தே தீரும். 1900 முதல் 1930 வரையிலான தாள்களில் குடியேறிய ஆண்டும் குடியுரிமை நிலையும் உண்டு. 1900, 1910 தாள்களில் ஒவ்வொரு மணமான பெண்ணிடமும் எத்தனை குழந்தைகள் பெற்றாள், எத்தனை உயிரோடிருக்கின்றன என்று கேட்டிருக்கிறார்கள். எட்டு பெற்று ஐந்து உயிரோடு என்று ஒரு வரியில் இருந்தால், குடும்பத்தில் எவரும் பேசாத மூன்று குழந்தைகளைத் தேட வேண்டியிருக்கிறது என்று பொருள். வயதை அப்படியே நம்ப வேண்டாம். பத்தாண்டுக் காலத்தில் ஆறு வயது மட்டுமே கூடிய பெண்கள் இந்தத் தாள்களில் ஏராளம். விவரங்களைச் சொன்னவர் யார் என்பதே பல நேரங்களில் தெரியாது. 1940ஆம் ஆண்டுத் தாளில் மட்டும், தகவல் தந்தவரின் பெயருக்கு அருகே வட்டத்துக்குள் ஒரு பெருக்கல் குறி இட்டிருப்பார்கள். அந்த வீட்டில் வாடகைக்குத் தங்கியிருந்தவர்களின் பெயர்களையும், அதே கட்டடத்திலிருந்த அண்டை வீட்டாரின் பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் மைத்துனராகவோ ஊர்க்காரராகவோ பின்னால் வேறொரு தாளில் மீண்டும் தலைகாட்டுவார்கள்.

குடியுரிமை ஆவணங்கள்தான் ஊர்ப்பெயருக்கு முக்கியமான இடம். முதலில், குடியுரிமை பெற விரும்புவதாகத் தெரிவிக்கும் எண்ண அறிவிப்பு, சில ஆண்டுகள் கழித்து குடியுரிமை கேட்கும் மனு என்று இரண்டு தாள்கள் உண்டு. 1906 செப்டம்பர் 27க்கு முன்பு ஒவ்வொரு நீதிமன்றமும் தன் விருப்பப்படி படிவம் வைத்திருந்ததால், பலவற்றில் "ரஷ்யப் பேரரசரின் குடிமகன்" என்பதற்கு மேல் ஒன்றும் இருக்காது. அந்தத் தேதிக்குப் பிறகு நாடு முழுவதற்கும் ஒரே படிவம் வந்தது. பிறந்த ஊர், பிறந்த தேதி, வந்த கப்பல், வந்திறங்கிய நாள், மனைவி மக்களின் பெயர்கள் என எல்லாம் அதில் உண்டு. மனுவில் கையெழுத்திட்ட இரண்டு சாட்சிகளையும் கவனிக்க வேண்டும். ஆனால் 1922 செப்டம்பர் வரை மனைவிக்குக் கணவன் வழியாகவே குடியுரிமை கிடைத்ததால், அந்தக் காலத்துப் பெண்களில் பெரும்பாலோருக்குத் தனி மனு கிடையாது. பெண்வழியைத் தேடுபவர்கள் இந்த இடத்தில் சோர்ந்துவிடக் கூடாது. 1936 இறுதியிலிருந்து சமூகப் பாதுகாப்பு எண் பெற விண்ணப்பித்தவர்கள், தாயின் கன்னிப்பருவக் குடும்பப்பெயர் உட்படப் பெற்றோர் இருவரின் பெயரையும் எழுதித் தந்திருக்கிறார்கள். நியூயார்க்கின் திருமணச் சான்றிதழ்களிலும் அவ்விவரம் உண்டு. அந்நகர ஆவணக் காப்பகம் தன் பழைய சான்றிதழ்களை 2022 முதல் இணையத்தில் இலவசமாகத் தந்து வருகிறது. 1940இல் குடியுரிமை பெறாத, பதினான்கு வயதும் அதற்கு மேலும் ஆன வெளிநாட்டவர் அனைவரும் பதிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது. எந்தத் தாளிலும் அகப்படாத பாட்டிகள் அந்தப் பதிவில் அகப்படுவதுண்டு. ஆண்களுக்கு, 45 முதல் 64 வயது வரையிலானவர்கள் 1942 ஏப்ரலில் நிரப்பிய படைப்பதிவு அட்டை இருக்கிறது. அதிலும் பிறந்த இடம் கேட்கப்பட்டது.

இவ்வளவும் கையில் வந்த பிறகே கப்பல் பயணிகள் பட்டியலைத் தேட வேண்டும். நியூயார்க் துறைமுகத்தில் 1892 ஜனவரி 1 அன்று எல்லிஸ் தீவு குடிவரவு நிலையம் திறக்கப்பட்டது. அதற்கு முன் 1855 முதல் 1890 வரை காசில் கார்டன் நிலையம் இயங்கியது. எல்லிஸ் தீவு அதிகாரிகள் குடும்பப்பெயரை மாற்றிவிட்டார்கள் என்று அநேகமாக எல்லாக் குடும்பங்களிலும் ஒரு கதை உண்டு. அது உண்மையன்று. பட்டியலைப் புறப்படும் துறைமுகத்தில் கப்பல் நிறுவனத்தார் தயாரித்தார்கள். எல்லிஸ் தீவின் அலுவலர் அதைக் கையில் வைத்துக்கொண்டு சரிபார்த்தார். பெயரை மாற்றிக்கொண்டவர்கள் குடியேறியவர்களே. வேலைக்காகவோ பள்ளிக்கூடத்துக்காகவோ பிற்பாடு மாற்றிக்கொண்டார்கள். ஆகையால் பட்டியலில் மோரிஸ் என்ற அமெரிக்கப் பெயரைத் தேடக் கூடாது. மோய்ஷே என்ற பழைய பெயரைத் தேட வேண்டும். குடும்பப்பெயரும் போலிஷ் அல்லது ஜெர்மன் எழுத்துக்கூட்டலில் இருக்கும். இந்தச் சிக்கலுக்காகவே 1985இல் டெய்ட்ச், மொகொடாஃப் என்ற இருவர் உருவாக்கிய ஒலிக்குறியீட்டு முறை, ஒரே மாதிரி ஒலிக்கும் பெயர்களை ஒன்றாகத் திரட்டித் தருகிறது. இன்டெல் 8086 சில்லை வடிவமைத்த ஸ்டீவ் மோர்ஸ் அமைத்த இலவசத் தேடல் பக்கங்களில், குடும்பப்பெயரின் ஓரிரு எழுத்துகள், வயது, ஆண்டு ஆகியவற்றை மட்டும் கொடுத்தே தேடலாம்.

பட்டியல் கிடைத்ததும் உங்கள் முன்னோரின் வரியை மட்டும் படித்துவிட்டு மூடிவிடாதீர்கள். 1907க்குப் பிந்தைய பட்டியல் இரண்டு பக்க அகலம் கொண்டது. பலர் இடப்பக்கத்தோடு நின்றுவிடுகிறார்கள். இடப்பக்கத்தில், விட்டுவந்த நாட்டிலுள்ள நெருங்கிய உறவினரின் பெயரும் ஊரும் இருக்கும். "தந்தை" என்ற சொல்லும் ஒரு பெயரும் ஓர் ஊரும் ஒரே கட்டத்துக்குள் நெருக்கி எழுதப்பட்டிருந்தால், ஒரு தலைமுறையும் ஊரும் ஒரே நேரத்தில் கிடைத்துவிட்டன. வலப்பக்கத்தில் யாரிடம் போகிறார், எந்தத் தெரு, பிறந்த ஊர் எது என்பவை இருக்கும். பெயருக்கு இடப்புறம் ஓரத்தில் ஒரு பெருக்கல் குறி இருந்தால், அவர் தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டார் என்று அறிய வேண்டும். அப்போது அந்தக் கப்பலின் பட்டியல் முடியும் இடத்துக்குச் சென்று, நிறுத்திவைக்கப்பட்டோர் தாளைப் பாருங்கள். தனியாகக் குழந்தைகளோடு வந்த தாய், கணவன் வந்து அழைத்துச் செல்லும் வரை அங்கே காத்திருக்க வேண்டியிருந்தது. நிறுத்தியதற்கான காரணம், அழைத்துச் சென்றவரின் பெயர், முகவரி, விடுவிக்கப்பட்ட நேரம் ஆகியவற்றோடு, அவர்களுக்குத் தரப்பட்ட காலை, மதிய, இரவு உணவுகளின் எண்ணிக்கைக்கும் அந்தத் தாளில் கட்டங்கள் உண்டு. அந்தச் சிறு எண்களைப் பார்க்கும்போது, ஒரு தாயும் அவள் குழந்தைகளும் அந்த மண்டபத்தில் எத்தனை வேளை கழித்தார்கள் என்பது கண்முன் வந்து நிற்கும். நியூயார்க்கில் அகப்படாவிட்டால் பாஸ்டன், ஃபிலடெல்ஃபியா, பால்டிமோர், கால்வெஸ்டன் ஆகிய துறைமுகங்களைப் பாருங்கள். புறப்பட்ட துறைமுகம் ஹாம்பர்க் என்றால், 1850 முதல் 1934 வரையிலான அதன் பட்டியல்கள் பெருமளவு எஞ்சியிருக்கின்றன.

நேரில் செல்ல முடிந்தால் கல்லறைக்குச் செல்லுங்கள்; முடியாவிட்டால் கல்லின் தெளிவான படத்தையாவது பெறுங்கள். ஆங்கில எழுத்தில் பெயரும் ஆண்டும் மட்டுமே இருக்க, எபிரேய எழுத்தில் இறந்தவரின் தந்தை பெயரும் இருக்கும். "பென்" என்றால் இன்னாரின் மகன், "பத்" என்றால் இன்னாரின் மகள். ஆக, அமெரிக்காவுக்கே வராத ஒருவரின் பெயர் அமெரிக்க மண்ணிலுள்ள கல்லில் கிடைக்கிறது. ஆண்டு எபிரேய எழுத்துகளின் எண்மதிப்பில் பொறிக்கப்பட்டிருக்கும். தாவ் 400, ரேஷ் 200, பே 80, தாலெத் 4 என்று இருந்தால் கூட்டுத்தொகை 684. அதனுடன் 1240ஐக் கூட்டினால் 1924 வரும். எபிரேய ஆண்டு இலையுதிர் காலத்தில் தொடங்குவதால், ஆண்டின் கடைசி மாதங்களில் இறந்தவருக்கு ஒன்றைக் கழித்து 1923 என்று கொள்ள வேண்டும். விரித்த இரு கைகள் பொறித்திருந்தால் அவர் கோஹன் எனும் குருமரபினர். நீர்க்குடுவை இருந்தால், பழைய யூதக் கோயிலில் பணி செய்த லேவியர் மரபினர். கல்லைப் பார்த்து முடித்ததும் சுற்றிலும் பாருங்கள். ஒரே ஊரிலிருந்து வந்தவர்கள் சேர்ந்து லாண்ட்ஸ்மன்ஷாஃப்ட் எனப்படும் ஊர்ச்சங்கம் அமைத்து, கூட்டாக இடுகாட்டு நிலம் வாங்கிக்கொள்வது வழக்கமாக இருந்தது. அந்தப் பகுதியின் நுழைவாயில் தூணில் சங்கத்தின் பெயர் இருக்கும். அதில் பெரும்பாலும் ஊரின் பெயரும் இருக்கும். இச்சங்கங்கள் பலவற்றின் ஏடுகள் நியூயார்க்கிலுள்ள, கிழக்கு ஐரோப்பிய யூதர்களைப் பற்றிய யீவோ ஆய்வு நிறுவனத்தில் காக்கப்படுகின்றன.

கிடைத்த ஊர்ப்பெயர், கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய இத்திஷ் மொழியில் வழங்கிய பெயராக இருக்கலாம். பிரிஸ்க் என்றால் பிரெஸ்ட், கெர் என்றால் போலந்தின் கூரா கல்வாரியா, ஆப்ட் என்றால் ஓபடூவ். யூதக் குடும்ப வரலாற்றுக்கான ஜூயிஷ்ஜென் இணையதளத்தின் ஊர் அகராதி இத்தகைய பெயர்களைப் பழைய, புதிய ஆட்சி எல்லைகளோடு சேர்த்துக் காட்டும். ஒரே பெயரில் நான்கைந்து ஊர்கள் இருந்தால், வேறொரு தாளிலிருந்து மாவட்டப் பெயர் கிடைக்கும் வரை எதையும் முடிவு செய்ய வேண்டாம். ரஷ்ய ஆட்சியிலிருந்த போலந்தில் யூதர்களுக்கான தனிப் பதிவேடுகள் 1826இல் தொடங்கின. 1868 முதல் அவை ரஷ்ய மொழியில் எழுதப்பட்டன. ரஷ்யப் பேரரசின் தேதிகள் ஜூலியன் நாள்காட்டியைச் சேர்ந்தவையாதலால், பத்தொன்பதாம் நூற்றாண்டில் 12 நாளும் இருபதாம் நூற்றாண்டில் 13 நாளும் கூட்டிக்கொள்ள வேண்டும். ஆஸ்திரிய ஆட்சியிலிருந்த கலீசியாவில், யூத மதகுருவின் முன்னிலையில் மட்டும் நடந்து அரசிடம் பதிவாகாத திருமணங்கள் மிகுதி. அதனால் பிள்ளைகள் முறைகேடாகப் பிறந்தவர்கள் என்று குறிக்கப்பட்டு, தாயின் குடும்பப்பெயரோடு பதிவானார்கள். அந்தக் குறிப்பைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. அண்ணனும் தம்பியும் வெவ்வேறு குடும்பப்பெயரோடு கப்பலேறியிருந்தால், காரணம் பெரும்பாலும் இதுதான்.

மரபணுச் சோதனையைப் பற்றி ஒரு வார்த்தை. அஷ்கெனாசிகள் பல நூற்றாண்டுகளாகத் தங்களுக்குள்ளேயே மணம் புரிந்துவந்ததால், சோதனை நிறுவனங்கள் காட்டும் ஆயிரக்கணக்கான "நான்காம் தலைமுறை உறவினர்"களில் பெரும்பாலோர் உண்மையில் அதைவிடத் தொலைவானவர்கள். பொதுவான மரபணுவின் மொத்த அளவை மட்டும் பார்க்காமல், நீண்ட தொடர்ச்சியான துண்டுகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

கடைசியாக, கப்பலேறாமல் ஊரிலேயே தங்கிவிட்ட தம்பி தங்கைகளைத் தேட வேண்டும். ஜெருசலேமிலுள்ள யாத் வஷேம் என்னும் நினைவகம், நாஜிகளால் கொல்லப்பட்ட யூதர்களுக்கு ஆளுக்கொரு சாட்சியப் படிவம் திரட்டி, இணையத்தில் தேடும்படி வைத்திருக்கிறது. குடும்பப்பெயரையும் ஊர்ப்பெயரையும் கொடுத்துத் தேடுங்கள். படிவம் கிடைத்தால், அதன் அடிப்பகுதியில் நிரப்பியவரின் பெயரையும், இறந்தவருக்கு அவர் என்ன உறவு என்பதையும், படிவம் நிரப்பிய ஆண்டையும் படியுங்கள். அமெரிக்கக் கிளைக்குத் தெரியாமலே இன்னொரு நாட்டில் வளர்ந்த கிளை பல குடும்பங்களுக்கு அந்த அடிவரியிலிருந்துதான் கிடைத்திருக்கிறது. பயணிகள் பட்டியலில் "தந்தை" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருந்தவரின் பிள்ளைகளில் யாரேனும் அவ்வாறு கொல்லப்பட்டது உங்களுக்கு உறுதியாகத் தெரிந்து, அவருக்கு இன்னும் எவரும் படிவம் தரவில்லை என்றால், அதை நீங்களே நிரப்பி அனுப்பலாம். யாத் வஷேம் இப்போதும் பெற்றுக்கொள்கிறது.