விளங்காத மெயில் வந்தா என்ன செய்யிறது

போன கிழமை மாமி போனையும் தூக்கிக்கொண்டு வந்து "தம்பி, ஆரோ வெறும் மெயில் அனுப்பியிருக்கினம், ஒருக்காப் பார்" எண்டா. திறந்தா தலைப்பில 'ஹாய்', உள்ளுக்க ஒரு சொல்லுமில்லை. நான் பாக்க முதலே அவா "நீங்கள் ஆர்" எண்டு பதில் போட்டிட்டா, லண்டன் சொந்தக்காரர் ஆருமெண்டு நினைச்சாவாம்.

அதுதான் செய்யக்கூடாத வேலை. உந்த வெறும் மெயில் கனக்க வாறது அந்த விலாசத்தில ஆள் இருக்கோ எண்டு பாக்கத்தான், இல்லாத விலாசமெண்டா அனுப்பினவனுக்கே திரும்பிப் போயிடும், நீங்கள் பதிலும் போட்டா கேற்றைத் திறந்து கதிரை போட்டுக் குடுத்த மாதிரி. திட்டிப் பதில் போடுறதும் வேண்டாம். குப்பை மெயிலெண்டு சொல்லுற 'ரிப்போர்ட் ஸ்பாம்' அமத்திட்டு விடுங்கோ, சும்மா டிலீட் பண்ணுறதை விட அது நல்லம்.

சிலது ஒண்டுக்கொண்டு சம்பந்தமில்லாத சொல்லா, பழைய கதைப்புத்தகத்தைக் கிழிச்சு ஒட்டின மாதிரி வரும். மண்டையைப் போட்டு உடைக்காதேங்கோ, அது உங்களுக்கு எழுதினதே இல்லை, ஸ்பாம் பிடிக்கிற மெஷினுக்கு எழுதினது. மெஷின் சொல்லுகளையும் பாத்துத்தான் கணக்குப் போடுறது, அதால நல்ல சொல்லுகளைக் கலந்து விடுறாங்கள், பாலுக்க தண்ணி விடுற மாதிரி. படங்கள் தானா லோட் ஆகிறதையும் செட்டிங்ஸில நிப்பாட்டுங்கோ, கண்ணுக்குத் தெரியாத ஒரு துளிப் படத்தை வைச்சே நீங்கள் திறந்ததை அறிவாங்கள்.

நெஞ்சு திக்கெண்டுறது அடுத்தது. உங்கட விலாசத்தில இருந்தே உங்களுக்கு மெயில், உங்கட பழைய பாஸ்வேட்டும் சரியா எழுதி, "கமராவால படமெடுத்து வைச்சிருக்கிறன், பிட்கொயின் அனுப்பு" எண்டு. அனுப்பினவர் பேர் எண்டுறது கடித உறைக்குப் பின்னால எழுதுற பேர் மாதிரி, ஆரும் என்னவும் எழுதலாம். பாஸ்வேட் எப்பவோ ஒரு தளத்தில இருந்து களவு போனதா இருக்கும், 'ஹாவ் ஐ பீன் போண்ட்' தளத்தில உங்கட மெயிலைப் போட்டா எங்க போனதெண்டு காட்டும். காசு அனுப்பாதேங்கோ, அந்தப் பாஸ்வேட் பாவிச்ச எல்லா இடத்திலயும் மாத்துங்கோ, பாஸ்வேட்டுக்கு மேலால இன்னொரு கோட்டும் கேக்கிற டூ ஸ்டெப் போடுங்கோ.

கொம்பியூட்டரில ஜிமெயில் திறந்து மூண்டு புள்ளியை அமத்தி 'ஷோ ஒரிஜினல்' போனா எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் எண்டு மூண்டு வரி இருக்கும், விலாசத்தில @ குறிக்குப் பிறகு வாற டொமெய்ன் பேர் உண்மையோ எண்டு பாக்கிற சோதனையள். பெயில் எண்டா நம்பாதேங்கோ. பாஸ் எண்டாலும் அந்த டொமெய்னில இருந்து வந்தது மட்டும்தான் உண்மை, டொமெய்ன்காரனே கள்ளனா இருக்கலாம்.

எல்லாம் களவுமில்லை. எனக்கு ரொறன்ரோவில இருந்து ஆற்றயோ பல்லு டொக்டர் அப்பொயின்ட்மென்ட் வருது. எங்கட ஆக்கள் இனிஷியலும் பேருமாத்தான் விலாசம் திறக்கிறது, ஜிமெயில் நடுவில வைக்கிற புள்ளியைக் கணக்கிலயே எடுக்காது, அவர் புள்ளி போட்டா தன்ர விலாசமெண்டு நினைக்கிறார் போல, அதால அவற்ற மெயில் எனக்கு வருது. லிங்கை அமத்தி மனுசன்ர பல்லைக் கெடுத்துப் போடாதேங்கோ.

ஆனா ஒரு மணித்தியாலத்தில நூற்றுக்கணக்கில 'சேந்ததுக்கு நன்றி' மெயில் கொட்டினா உடன பாங்க் கணக்கைப் பாருங்கோ. காசு எடுத்த அலேட்டை அந்தக் குப்பைக்குள்ள மறைக்கிறதுக்கு அப்பிடிச் செய்வாங்கள். காசு போயிருந்தா முதல் பாங்குக்கு, பிறகு இலங்கையில 101 அடிச்சா ஸ்ரீலங்கா சேர்ட், இணையக் களவு முறைப்பாடு எடுக்கிற இடம்.

மாமிக்கு இப்ப நாளுக்குப் பத்துப் பதினைஞ்சு வருது. ஒவ்வொண்டா என்னட்டத்தான் கொண்டு வாறா.