தோட்டத்துப் பாதைக்கு ஒரு மலிவு கேமரா: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

என் முதல் ஆக்‌ஷன் கேமராவின் பெட்டியில் 'அல்ட்ரா 4கே' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. விலை 200 வெள்ளி (ரிங்கிட்) கூட இல்லை. கப்சாய் எனும் என் சிறிய மோட்டார் சைக்கிளின் ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு, மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே செம்பனைக்காட்டுச் செம்மண் பாதையில் ஒரு சுற்று போய் வந்தேன். வீட்டில் போட்டுப் பார்த்தால் மரமெல்லாம் பாம்பாட்டம் நெளிகிறது. "தலை சுத்துதுடா, நிறுத்து" என்று அம்மா எழுந்து போய்விட்டார்.

ஆகவே முதல் வேலை, பணத்தைப் பிரிப்பது. கையில் 600 வெள்ளி இருந்தால் கேமராவுக்கு 400 மட்டும். மீதி கார்டு, உபரி பேட்டரி, மவுண்ட் ஆகியவற்றுக்குப் போய்விடும்.

இரண்டாவது, 4கே மோகத்தை விடுங்கள். உண்மையான 4கே என்றால் 3840க்கு 2160, அதாவது ஏறக்குறைய 83 லட்சம் புள்ளிகள். மலிவான பல கேமராக்கள் குறைவாகப் பிடித்து இழுத்துப் பெரிதாக்குகின்றன. விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் 'இன்டர்போலேட்டட்' என்று இருந்தால் அதுதான் கதை.

நமக்கு வேண்டியது ஸ்டெபிலைசேஷன், அதாவது பட ஆட்டத்தைக் குறைக்கும் வசதி. கேமராவுக்குள் இருக்கும் கைரோ ஆட்டத்தை அளக்கும். படத்தின் ஓரத்தைக் கொஞ்சம் வெட்டி, எதிர்ப்பக்கம் நகர்த்திச் சமன் செய்யும். குழியும் கல்லுமான பாதையில் இது இல்லாத 4கேயைவிட இது உள்ள 1080 (4கேக்குக் கீழான முழு எச்டி) எவ்வளவோ மேல். ஆனால் வெளிச்சம் வேண்டும். விடிந்தும் விடியாத நேரத்தில் செம்பனை நிழலுக்குள் ஓட்டினால் ஒவ்வொரு படமும் தானாகவே கலங்கிவிடும். கைரோ என்ன செய்யும் பாவம்.

புதிதாக வாங்கும் மலிவைவிட, பழைய நல்ல கேமராவைக் கைமாற்றி வாங்குவதே என் கட்சி. 2018இல் வந்த கோப்ரோ ஹீரோ 7 பிளாக்கில்தான் ஹைப்பர்ஸ்மூத் என்ற அந்த நிறுவனத்தின் ஸ்டெபிலைசேஷன் முதலில் வந்தது. இங்கே ஒரு கண்ணி: அதே ஹீரோ 7இல் ஒயிட், சில்வர் என்று இரண்டு தம்பிகள் உண்டு. அவற்றில் ஹைப்பர்ஸ்மூத் கிடையாது, பேட்டரியையும் கழற்ற முடியாது. 'ஹீரோ 7' என்று மட்டும் சொல்லி விற்பவரிடம், பேட்டரியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பேட்டரி உப்பியிருக்கிறதா, கதவின் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் பதினைந்து நிமிடம் நிறுத்தாமல் பதிவு செய்து, அங்கேயே போட்டுப் பாருங்கள். கூச்சப்படாதீர்கள், காசு உங்களுடையது.

சரி, எங்கே மாட்டுவது? ஹேண்டிலில் வேண்டாம். சென்சார் படத்தை வரிவரியாக வாசிக்கிறது; அதற்குள் இன்ஜின் அதிர்வதால்தான் என் மரங்கள் நெளிந்தன. கைப்பேசியையே மாட்டலாமே என்றால், மோட்டார் சைக்கிள் அதிர்வு ஐபோன் கேமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிளே 2021இல் எச்சரித்திருக்கிறது. முழுமுக ஹெல்மெட் என்றால் தாடைப் பகுதிதான் சிறந்த இடம். நம் ஊரில் பலர் போடும் திறந்தமுக ஹெல்மெட்டில் தாடை ஏது? அவர்கள் மார்புப் பட்டை வாங்கலாம். ஹெல்மெட்டில் ஓட்டை மட்டும் போடாதீர்கள். ஒட்டும் மவுண்ட் என்றால் துடைத்துக் காயவைத்து ஒட்டி, ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விடுங்கள்.

கார்டில் யூ3 அல்லது வி30 என்ற வேகக் குறி இருக்கட்டும். நொடிக்கு 60 மெகாபிட் வேகத்தில் பதிவானால் மணிக்கு 27 ஜிபி போகும். 64 ஜிபி கார்டு இரண்டு மணிநேரத்துக்குச் சற்று மேல் தாங்கும். காற்றிரைச்சல் வேண்டாம் என்றால் மைக் பொருத்த முடியுமா, அதற்குத் தனி அடாப்டர் வாங்க வேண்டுமா என்று முன்பே கேளுங்கள்.

கோணத்தை, நேராக நின்றுகொண்டு அல்ல, மோட்டாரில் உட்கார்ந்து குனிந்தபடி சரிபாருங்கள். முதலில் கடைத்தெரு வரை மட்டும் போய் வாருங்கள். படம் முழுக்க டேங்கும் மீட்டருமாக இருந்தால் கேமராவைக் கொஞ்சம் மேலே தூக்க வேண்டும்.